வலிப்பு வேறு, கசிவு வேறு

(மூளை ரத்தக்குழாய் முடிச்சுகளால் வரும் வலிப்பு நோய் குறித்து ஆண்டிபட்டியில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நரம்பு மருத்துவம் பார்க்கும் எங்களிடம் சில குடும்பங்கள் பெரிய ஸ்கேன் கவரோடு வரும். பிள்ளைக்கு இரண்டு மூன்று முறை ஃபிட்ஸ் வந்திருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்த இடத்தில் “மூளையில் ரத்தக்குழாய் முடிச்சு இருக்கு” என்று சொல்லியிருப்பார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அப்பா கேட்பார்: “சார், இது எப்ப வெடிக்கும்?” அம்மா கேட்பார்: “ஆபரேசன் பண்ணிட்டா மாத்திரைய விட்டுறலாமுல்ல?”

இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் அப்பா கேட்பது ரத்தக் கசிவைப் பற்றி. அம்மா கேட்பது வலிப்பைப் பற்றி. ஒரே முடிச்சிலிருந்து வரக்கூடிய இரண்டு தனித்தனி ஆபத்துகள் இவை. இரண்டுக்கும் கணக்கு வேறு, மருந்து வேறு, அவசரம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், மாத்திரையே போதும் என்ற நிலையில் இருப்பவர் நிலத்தை விற்று அறுவைச் சிகிச்சைக்கு ஓடுகிறார். அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறவர் மாத்திரையோடு நின்றுவிடுகிறார். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: வலிப்பு வேறு, கசிவு வேறு. பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

முடிச்சு என்றால் என்ன? வைகை அணைக்குப் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். அணையில் திறந்த தண்ணீர் பெரிய கால்வாயில் வேகமாக வருகிறது. கிளைக் கால்வாய், வாய்க்கால், மடை என்று பிரிந்து பிரிந்து வேகம் குறைந்து வயலுக்குள் பரவுகிறது. மிச்சம் மெதுவாக வடிகாலில் இறங்குகிறது. உடம்பிலும் அப்படித்தான். தமனியில் அழுத்தத்தோடு வருகிற ரத்தம் மயிரிழை போன்ற தந்துகிகளில் பரவி, திசுவுக்கு ஊட்டம் கொடுத்துவிட்டு, அழுத்தம் குறைந்து சிரைக்குப் போகிறது. இடையில் வாய்க்காலும் வயலும் இல்லாமல், பெரிய கால்வாயை நேராக வடிகாலில் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? அவ்வளவு வேகத்தைத் தாங்குவதற்காக வடிகாலின் கரை கட்டப்படவில்லை. கரை புடைக்கும், சில இடத்தில் உடையும். பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போதாது. தமனி நேராகச் சிரையில் சேர்ந்து சிக்கலாகக் கிடக்கும் இந்த அமைப்பைத்தான் டாக்டர்கள் சீட்டில் ‘ஏ.வி.எம்.’ என்று எழுதுகிறார்கள்.

இரண்டாவது வகைக்குப் பெயர் கேவர்னோமா. இதில் வேகமும் இல்லை, அழுத்தமும் இல்லை. மெல்லிய சுவருள்ள ரத்தக் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கிடக்கும். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம். பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆஞ்சியோ எடுத்தாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும். அப்போது ஒரே தலைக்குள் பல கொத்துகள் இருக்கும். அப்படிப்பட்ட வீடுகளில் மற்றவர்களுக்கும் வலிப்போ விடாத தலைவலியோ உண்டா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் அடிக்கடி வரும்: ‘டெவலப்மென்டல் வீனஸ் அனாமலி’. பெயர்தான் பெரிது. பிறவியிலேயே சற்று வேறு வழியில் போகும் ஒரு சிரை, அவ்வளவுதான். அநேகமாக அதனால் எந்தத் தொந்தரவும் வராது. அதைத் தொடவும் கூடாது, ஏனென்றால் மூளையின் அந்தப் பகுதி ரத்தத்தை வடிப்பதே அந்தச் சிரை வழியாகத்தான். தலைவலிக்கு எடுத்த ஸ்கேனில் இந்த வார்த்தையைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

சரி, ரத்தக்குழாய்க் கோளாறு எப்படி வலிப்பாகிறது? மூளை மின்சாரத்தில் வேலை செய்யும் உறுப்பு. முடிச்சிலிருந்து நுண்ணிய அளவில் ரத்தம் ஊறினால் அதிலுள்ள இரும்புச் சத்து சுற்றியுள்ள திசுவில் துருவாகப் படிகிறது. அந்தப் படிவு நரம்புச் செல்களை எரிச்சலூட்டுகிறது. ஏ.வி.எம்.மில் பக்கத்துத் திசுவுக்கு ரத்தம் போதாமல் வடுவும் உண்டாகிறது. அந்த இடத்தில் கட்டுப்பாடில்லாமல் மின்சாரம் பாயும்போது வலிப்பு வருகிறது. ஆகவே, வலிப்பைத் தருவது முடிச்சைச் சுற்றியுள்ள திசு. ரத்தம் கசிவது முடிச்சுக்குள்ளிருந்து. நான் சொன்ன இரண்டு ஆபத்துகளும் பிரியும் இடம் இதுதான்.

வலிப்புக்கும் இந்த முடிச்சுகளுக்கும் உள்ள உறவு மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1889இல் பாரிசில் ழூல் பெயான் என்ற அறுவை மருத்துவர், இடது பக்கம் வலிப்பு வந்துகொண்டிருந்த 15 வயதுச் சிறுவனின் மண்டையைத் திறந்து இப்படிப்பட்ட ஒரு முடிச்சை எடுத்தார். அந்தக் காலத்தில் ஸ்கேன் இல்லை. மூளை ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோவை லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் கண்டதே 1927இல்தான். வலிப்பு உடம்பின் எந்தப் பக்கம் தொடங்கியது என்பதை வைத்தே பெயான் இடத்தைக் கணித்தார்.

அதனால்தான் இன்றும் நாங்கள் முதலில் கேட்பது, வலிப்பு எப்படித் தொடங்கியது என்று. கட்டைவிரல் மட்டும் துடித்ததா? வாய் ஒரு பக்கம் கோணியதா? பேச்சு திடீரென்று நின்று, வெறித்துப் பார்த்துக்கொண்டு சேலை முந்தானையைப் பிசைந்தாரா? கீழே விழுந்து வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்பதில்லை, இவையும் வலிப்புதான். பக்கத்தில் இருப்பவர் செல்போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ எங்களுக்கு நூறு கேள்விகளை மிச்சப்படுத்தும்.

ஸ்கேனில் தெரிகிற புள்ளியெல்லாம் ரத்தக்குழாய் முடிச்சும் அல்ல. நம் நாட்டில் நாடாப்புழுக் கட்டியாலும் காசநோய்க் கட்டியாலும் வலிப்பு நிறைய வருகிறது. ஒரு காலத்தில் வலிப்போடு ஸ்கேனில் சின்னப் புள்ளி தெரிந்தால் காசநோய் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள் என்று வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் வேதாந்தம் ராஜசேகரும் அவரது சகாக்களும் காட்டிய பிறகுதான் அந்தப் பழக்கம் மாறியது. காரணம் தெரிந்தால்தான் வழி தெரியும். ஆகவே, முதல் வலிப்புக்கே ஸ்கேன் வேண்டும், முடிந்தால் எம்.ஆர்.ஐ.

இப்போது முதல் ஆபத்து: வலிப்பு. சாதாரணமாக ஒருவருக்கு ஒரே ஒரு முறை வலிப்பு வந்தால், பொறுத்துப் பார்க்கலாமா என்று யோசிப்போம். முடிச்சு இருப்பவருக்கு அந்தப் பொறுமை கூடாது. ஸ்காட்லாந்தில் மக்கள்தொகை அடிப்படையில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தக் கசிவு இல்லாமல் முதல் வலிப்பு கண்டவர்களுக்கு ஐந்து ஆண்டுக்குள் மறுபடி வலிப்பு வரும் வாய்ப்பு ஏ.வி.எம்.மில் 58 சதவீதம், கேவர்னோமாவில் 94 சதவீதம். அதனால்தான் ஒரு வலிப்பிலேயே மாத்திரை ஆரம்பிக்கிறோம்.

கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், லெவடிராசெடாம், லாமோட்ரிஜின் என்று மருந்துகள் பல உண்டு. எது யாருக்கு என்பது வயது, வேலை, பெண்ணா ஆணா, வேறென்ன நோய் உண்டு என்பதைப் பொறுத்தது. கார்பமசெபின் ஆரம்பித்த வாரங்களில் உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். லெவடிராசெடாம் சிலருக்குக் கோபத்தையும் எரிச்சலையும் கூட்டும். “பையன் இப்பல்லாம் சுள்ளுனு விழுறான்” என்றால் காரணம் மாத்திரையாக இருக்கலாம், சொல்லுங்கள். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு வால்ப்ரோயேட்டை முடிந்தவரை தவிர்க்கிறோம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. பினைடாயினும் கார்பமசெபினும் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும்.

மாத்திரையால் எவ்வளவு பலன்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அதற்கு முன் மருந்தே எடுக்காத 470 வலிப்பு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். 222 பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது, மூன்றாவது மருந்தில் நின்றவர்கள் 67 பேர்தான். சரியாகத் தேர்ந்து, சரியான அளவில் கொடுத்த இரண்டு மருந்துகள் பலிக்கவில்லையென்றால், மருந்து மாற்றி மாற்றிப் பத்து வருடத்தை ஓட்டுவதில் அர்த்தமில்லை என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது. அந்த இடத்தில் வலிப்பு நோய் மையம் ஒன்றில் அறுவைச் சிகிச்சை பற்றிக் கேட்டே ஆக வேண்டும். அதே நேரத்தில், மருந்து பலிக்கவில்லை என்று சொல்லும் முன் ஒழுங்காகச் சாப்பிட்டோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வட்டாரத்தின் வாழ்க்கைமுறையை வைத்தே சொல்கிறேன். போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து கேரள ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போகிற பெண்கள் விடிவதற்கு முன்பே எழுகிறார்கள். காலை மாத்திரை அந்த அவசரத்தில் விட்டுப்போகிறது. சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் தறிகளில் பண்டிகை ஆர்டர் வந்துவிட்டால் ராத்திரி முழுக்கக் கண்விழிப்பு. சித்திரையில் வீரபாண்டி திருவிழா என்றால் எட்டு நாளும் தூக்கம் கெடும். தூக்கக் கேடு, தவறவிட்ட மாத்திரை, குடி, காய்ச்சல் ஆகிய நான்கும்தான் நின்றிருந்த வலிப்பை மறுபடி கூப்பிடுகிறவை. திருவிழாவுக்குப் போங்கள், மாத்திரையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போங்கள், கொஞ்சமாவது தூங்குங்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் நேரத்தை மாற்றித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் போடும் மருந்துகளும் உண்டு.

இரண்டாவது ஆபத்து: கசிவு. வலிப்பு மாத்திரை கசிவைத் தடுக்காது. இதை மறக்கக் கூடாது. இதற்கு முன் கசியாத ஏ.வி.எம். ஒன்று, ஒரு வருடத்தில் கசியும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 2. ஒருமுறை கசிந்ததென்றால் அது இரட்டிப்பாகும். கேவர்னோமாவில் இடம்தான் முக்கியம். 1,620 பேரின் விவரங்களைத் தொகுத்து 2016இல் வந்த ஆய்வின்படி, மூளைத்தண்டுக்கு வெளியே இருந்து, முன்பு கசிவோ அதனால் பலவீனமோ தராத கேவர்னோமா ஐந்து ஆண்டில் கசியும் வாய்ப்பு நூற்றுக்கு 4. மூளைத்தண்டில் இருந்து, முன்பே தொந்தரவு கொடுத்திருந்தால் நூற்றுக்கு 31. ஒரே பெயருள்ள நோயில் இவ்வளவு வித்தியாசம். “முடிச்சு இருக்கு” என்ற ஒற்றை வார்த்தையை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஏ.வி.எம். கசிவைத் தடுக்க மூன்று வழிகள். மண்டையைத் திறந்து முடிச்சை எடுப்பது ஒன்று. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பசை போன்ற மருந்தால் முடிச்சை அடைப்பது இரண்டு. பெரும்பாலும் இது அறுவைக்கு முன்னேற்பாடு. காமா கத்தி போன்ற கருவிகளால் கதிர்வீச்சைக் குறிவைத்துப் பாய்ச்சுவது மூன்று. இந்த முறையில் முதல் ஏ.வி.எம். சிகிச்சை 1970இல் சுவீடனில் நடந்தது. இதில் கத்தி படாது. ஆனால் முடிச்சு மூடுவதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை கசியும் ஆபத்தும் இருக்கும், மாத்திரையும் தொடரும்.

அறுவை யாருக்கு ஆகும் என்று பார்க்க, 1986இல் ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் என்ற இரு மருத்துவர்கள் மூன்று விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள்: முடிச்சின் அளவு, அது பேச்சு, கைகால் அசைவு, பார்வை போன்ற முக்கியப் பகுதியில் இருக்கிறதா, ரத்தம் ஆழமான சிரைக்குள் வடிகிறதா. கூட்டினால் 1 முதல் 5 வரை வரும்; அதுதான் கிரேடு. ஒன்றும் இரண்டும் அறுவைக்குத் தோதானவை. நான்கும் ஐந்தும் தொட்டால் கெடுதல் கூடுதல். உங்கள் டாக்டரிடம் “எத்தனையாவது கிரேடு?” என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கசியாத முடிச்சை எடுத்தே ஆக வேண்டுமா என்பதில் மருத்துவ உலகமே இரண்டு பட்டுக் கிடக்கிறது. ஒன்பது நாடுகளில், கசியாத ஏ.வி.எம். உள்ள 226 பேரைச் சேர்த்து ‘அரூபா’ என்ற ஆய்வை நடத்தினார்கள். 2014இல் முடிவு வந்தது. சுமார் 33 மாதங்களில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 10 சதவீதம். முடிச்சுக்குச் சிகிச்சையும் செய்துகொண்டவர்களில் 31 சதவீதம். “மூன்று வருடக் கணக்கை வைத்து, இன்னும் ஐம்பது வருடம் வாழப்போகிற இருபது வயதுக்காரருக்குத் தீர்ப்பு சொல்லலாமா?” என்று அறுவை நிபுணர்கள் எதிர்க்கேள்வி போட்டார்கள். அதுவும் நியாயமே. என் கருத்து இது: முன்பு கசிந்த முடிச்சுக்கு, செய்யக்கூடிய இடத்தில் இருந்தால், சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கசியாததற்கு வயது, கிரேடு, இடம் மூன்றையும் பார்த்து நிதானமாக முடிவெடுக்க வேண்டும். அந்த நிதானத்துக்கு அவகாசம் உண்டு. அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அறுவை செய்தால் வலிப்பு நிற்குமா? கேவர்னோமாவில் பெரும்பாலும் ஆம். கொத்தோடு சேர்த்து, சுற்றிப் படிந்த இரும்புத் துருத் திசுவையும் எடுக்க முடிந்தால் பத்தில் ஏழு பேருக்கு மேல் வலிப்பு நிற்கிறது. மாத்திரைக்கு அடங்காதபோது காலம் கடத்தாமல் செய்தால் பலன் அதிகம். ஏ.வி.எம்.மில் அவ்வளவு உறுதி சொல்ல முடியாது. சிகிச்சை செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஸ்காட்லாந்தில் ஒப்பிட்டபோது, ஐந்து ஆண்டில் வலிப்பு வருவதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எதுவானாலும் அறுவை முடிந்த மறுநாள் மாத்திரையை நிறுத்த முடியாது. வலிப்பே இல்லாமல் சில ஆண்டுகள் போன பிறகு, டாக்டர் மெல்ல மெல்லக் குறைப்பார். நீங்களாக நிறுத்தினால், நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடும். அது உயிருக்கே ஆபத்து.

வீட்டில் வலிப்பு வந்தால் என்ன செய்வது? கையில் சாவியையோ இரும்புக் கம்பியையோ திணிக்காதீர்கள். இரும்பால் எந்த வலிப்பும் நின்றதில்லை. தானாக நிற்கிற நேரத்தில் சாவி கையில் இருந்திருக்கும், அவ்வளவே. பல்லுக்கிடையில் கரண்டி வைக்காதீர்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். தண்ணீரோ சோடாவோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலும், நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். மூக்கில் அடிக்கும் மிடாசோலம் மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

முடிச்சு இருப்பவருக்கு இன்னொரு எச்சரிக்கை. திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் கைகால் விழுதல், பேச்சுக் குழறல் என்றால் அது கசிவாக இருக்கலாம். வலிப்புதானே, சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

வலிப்பு முழுதும் கட்டுப்படும்வரை கிணற்றிலும் கால்வாயிலும் தனியாகக் குளிக்கக் கூடாது. தென்னை ஏறக் கூடாது. ஓடுகிற விசைத்தறிப் பட்டைக்கு அருகில் நிற்கக் கூடாது. விறகடுப்பில் தனியாகச் சமைப்பதைத் தவிர்க்க வேண்டும். பைக் ஓட்டவே கூடாது. ஓட்டுநர் உரிமப் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள், பொய் எழுதினால் ரோட்டில் போகிற பிறரின் உயிருக்கும் ஆபத்து. இவை தவிர மற்றதெல்லாம் செய்யலாம். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம்.

கல்யாணம் என்றதும் சிலர் முகம் மாறுகிறது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடை என்ற வாசகம் ஒரு காலத்தில் இருந்தது உண்மை. 1999இல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. சட்டம் விட்டுவிட்டது, நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதற்காக மறைத்துக் கட்டிக்கொடுக்காதீர்கள். மறைத்தால் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டிவரும், ஒளித்துச் சாப்பிடுவது பிறகு நின்றுபோகும், வலிப்பு வரும்.

இந்த ஊருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1984இல் எம்.ஜி.ஆர். சிறுநீரகக் கோளாறாலும் பக்கவாதத்தாலும் நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். பிரசாரத்துக்கு ஒரு நாளும் வரவில்லை. இதே ஆண்டிபட்டித் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. அவர் திரும்பி வந்து மூன்றாம் முறை முதல்வரானார். அவருக்கு வந்த நோய் வேறுதான். ஆனால் நோயில் படுத்திருந்தவரை நம்பி மாநிலத்தையே ஒப்படைத்த ஊர், மாத்திரை சாப்பிடும் ஒரு பெண்ணை நம்பி ஒரு குடும்பத்தை ஒப்படைக்கத் தயங்குவது பொருந்தவில்லை.

கடைசியாக, எங்கே போவது? தேனி சாலையில் க.விலக்கில் உங்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தொடக்கம் அங்கே. கணவாய் தாண்டினால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியலும் நரம்பியல் அறுவையும் உண்டு. மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு, 1952லேயே வலிப்பு நோய்க்கு அறுவை செய்த வேலூர் சி.எம்.சி.யும், 1995 முதல் அதற்கென்றே தனித் திட்டம் நடத்தும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இருக்கின்றன. கிளம்பும் முன், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது பழைய ஸ்கேன் சி.டி., மருந்துச் சீட்டு, வலிப்பு வந்த தேதிகளைக் குறித்த காலண்டர் மூன்றையும் எடுத்துப் போங்கள்.

அங்கே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: “இதனால் வலிப்பு வருவதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்? இது கசிவதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?” இரண்டுக்கும் தனித்தனிப் பதில் கிடைக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். பதில் எதுவானாலும், இன்றைக்குரிய மாத்திரையை இன்றே போட்டுவிடுங்கள்.